தகுதி பெற்ற நாள்

மும்பைக்கு வந்து குடியேறிய தமிழருள் மாட்டுங்காவில் தங்கியோர் பலர் கையில் காகிதத்தோடு வந்தனர். பள்ளியிறுதித் தேர்வு, தட்டெழுத்து, சுருக்கெழுத்து என்று முத்திரையிட்ட அத்தாள்கள் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் அவர்களுக்கு நாற்காலி தேடித் தந்தன. தாராவியில் தங்கியோர் பலர் வெறுங்கையோடு வந்தனர். வெறுங்கை என்பதும் பிழையே. தோல் பதனிடவும், சுமை தூக்கவும், இரும்பைத் தட்டவும் அறிந்த கைகள் அவை. ஆயின் அக்கைகள் இன்ன தொழிலை அறியும் என்று எழுதிக் கொடுப்பார் எவரும் இலர். நம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் கூடமொன்றில் முப்பதாண்டுகள் உழைத்தார். அவர் தொழிலறிந்தவர் என்பதற்கு அவருடைய விரல்களின் நிறத்தைத் தவிர வேறு சான்று இருந்ததில்லை.

இப்பழங்கதையை இப்பொழுது எழுத நேர்ந்த காரணம் ஒன்று உண்டு. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் தங்கையின் மகள் வயிற்றுப் பேரன் செம்பூரில் உள்ள நம் இல்லத்துக்கு வந்தான். அவனுக்கு வயது 22. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, நான்காண்டுகளாக ஒரு காண்டிராக்டரிடம் ஹெல்பராக இருப்பவன்.

“தாத்தா, வளைகுடாவில் பைப் பிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஐ.டி.ஐ. சான்றிதழ் வேண்டுமாம். பணம் கொடுத்தால் அதையும் வாங்கித் தருவதாக ஏஜெண்டு சொல்கிறார். வேலை எனக்குத் தெரியும். தாள் மட்டும்தானே இல்லை? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டான்.

அவனுடைய தாய் வாயிற்படியருகில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் எப்போதும் இருக்கும் தோடுகள் அன்று இல்லை. ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று நாம் கேளாமலே விளங்கிற்று.

கூடாது என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் “தாள் மட்டும்தானே இல்லை” என்று அவன் கூறியதை, ஏறக்குறைய அதே சொற்களில், அவன் வயதில் நாமும் கூறியிருக்கிறோம். ஆகவே, இதுகாறும் வீட்டில் எவரிடமும் முழுமையாகச் சொல்லாத ஒரு செய்தியை அன்று அவனிடம் சொன்னோம். வேறு வீடுகளிலும் இத்தகைய பிள்ளைகள் இருப்பர் என்பதால் அதனை ஈண்டு எழுதுகிறோம்.

முதலில், இத்தொழிலை அறியாத அன்பர்களுக்குச் சில சொற்கள். வீட்டுக் குழாயை அமைப்பவர் பிளம்பர். ஆலையில் நீராவியும் எண்ணெயும் அமிலமும் ஓடும் குழாய்களை வரைபடத்தின்படி அளந்து, வெட்டி, வளைவுகளையும் பிளாஞ்சுகளையும் சேர்த்து, வெல்டர் பற்றவைப்பதற்கேற்ப இம்மியும் பிசகாமல் நிறுத்துபவர் பைப் பிட்டர். வெல்டிங்கின் ஒளி எல்லோர் கண்ணிலும் படும். அதற்குமுன் ரசமட்டத்தையும் மூலைமட்டத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் குந்தியிருந்தவரை எவரும் காண்பதில்லை. எனினும், கோணலாக நிறுத்திய குழாயை எத்துணை வல்ல வெல்டராலும் நேராக்க இயலாது.

வெளிப்பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இத்தொழிலில் கண் நம்மை ஏமாற்றும் இடங்கள் பல. 6 அங்குலக் குழாய் என்று பெயர். அதன் வெளிவிட்டத்தை அளந்தாலோ 168.3 மில்லிமீட்டர், அதாவது ஆறரை அங்குலத்துக்கும் மேல் இருக்கும். 12 அங்குலம் வரையில் பெயர் வேறு, வெளிவிட்டம் வேறு. 14 அங்குலம் முதற்கொண்டு இரண்டும் ஒன்றே. அதே 6 அங்குலக் குழாயில் ஷெட்யூல் 40 என்றால் சுவரின் தடிமன் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். ஷெட்யூல் 80 என்றால் ஏறத்தாழ 11. பொருத்தி முடித்தபின் வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே ஓடும் நீராவிக்கு வேறுபாடு தெரியும்.

நாம் இத்தொழிலில் புகுந்தது 1975ஆம் ஆண்டு, நம் 17ஆம் வயதில். செம்பூரை அடுத்த மாஹுல், டிராம்பே பகுதியில் 1954இலும் 1955இலும் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கியிருந்தன. 1965இல் உர ஆலையும் வந்தது. 1974இல் மும்பைக்கு மேற்கே கடலில் எண்ணெய் கண்டறியப்பட்டு, 1976 முதல் எடுக்கப்படலாயிற்று. எங்கு நோக்கினும் குழாய் வேலை. விடியுமுன் தாராவிச் சந்துகளிலிருந்து சோற்றுத்தூக்கோடு புறப்பட்ட இளைஞர் கூட்டத்தில் நாமும் ஒருவராயினோம். கண்ணால் கண்டும், கையால் பழகியும், ஏச்சுக் கேட்டும் வேலை கற்றோம். மூன்றே ஆண்டுகளில், “பிட்டர்” என்று பிறர் அழைக்கக் கேட்டு மகிழ்ந்தோம். கூலி மட்டும் ஹெல்பர் கூலி.

1978இல் ஓர் ஆலையின் பராமரிப்புக் காலம். ஆலை நின்றிருக்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நட்டம். ஆகவே இரவு பகலாக வேலை. நீராவிக் குழாய் ஒன்றைப் பழைய குழாயோடு சேர்க்கும் பொறுப்பு நம்மிடமும், நம் சாலில் அடுத்த அறையில் குடியிருந்த நண்பரிடமும் விடப்பட்டது. இரண்டு பிளாஞ்சுகளையும் எதிரெதிரே கொணர்ந்தபோது அவை இணையாக நிற்கவில்லை. மேற்புறம் முகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, கீழ்ப்புறம் ஒரு விரல் நுழையும் இடைவெளி. குழாயை வெட்டித் திருத்த வேண்டும் என்பது நமக்குத் தெரியும். மேற்பார்வையாளரிடம் மெல்லச் சொன்னோம். “நேரமில்லை, இழுத்துக் கட்டு” என்றார்.

இழுத்துக் கட்டினோம். செயின் பிளாக்கை மாட்டிக் குழாயை இழுத்தோம். நண்பர் கடப்பாரையால் நெம்பிப் பிடிக்க, நாம் போல்ட்டுகளை முறுக்கினோம். இடைவெளி மறைந்தது. மறுநாள் குளிர்ந்த நீரை ஏற்றி அழுத்தச் சோதனை செய்தனர். ஒரு சொட்டும் கசியவில்லை. நம் கைத்திறனை நாமே மெச்சிக்கொண்டோம்.

நாம் அறியாதது ஒன்று இருந்தது. எஃகு சூடேறினால் நீளும். 100 மீட்டர் நீளமுள்ள குழாயின் வெப்பம் 100 பாகை உயர்ந்தால், அது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீண்டுவிடும். அந்நீட்சிக்கு இடம் கொடுக்கவே ஆலைகளில் நெடுங்குழாய்கள் ஆங்காங்கே வாயிற்சட்டம்போல் வளைத்துக் கொண்டுசெல்லப்படுகின்றன. வலிந்து இழுத்துக் கட்டிய குழாயோ முன்னரே முறுக்கேறி நிற்கிறது. சூடேறியதும் அம்முறுக்கோடு நீட்சியும் சேர்ந்து பிளாஞ்சை நெம்புகிறது. குளிர்ந்த நீரின் சோதனையில் இது வெளிப்படாது. நீராவி விட்ட மூன்றாம் நாள் காஸ்கெட் பிய்ந்தது. அவ்வழியே ஏணியுடன் சென்றுகொண்டிருந்த நண்பரின் வலக்கை, முழங்கையிலிருந்து விரல்நுனி வரையில் வெந்துபோயிற்று.

அவர் உயிர் பிழைத்தார். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இழுத்துக் கட்டச் சொன்னவரை எவரும் கேட்கவில்லை. கட்டிய நம்மையும் எவரும் கேட்கவில்லை. காஸ்கெட் பழுது என்று எழுதி முடித்தார்கள். மருத்துவமனையில் அவருடைய தாயார், “தம்பி, எப்படி ஆயிற்று?” என்று நம்மைக் கேட்டபோது நாமும் “காஸ்கெட் பழுது” என்றே சொன்னோம்.

அவ்வாண்டு முழுவதும் அந்த இடைவெளி நம் கண்ணை விட்டு அகலவில்லை. நமக்குத் தெரியாமல் நிகழ்ந்ததன்று, தெரிந்தே நிகழ்ந்தது. ஆயினும் “மாட்டேன்” என்று சொல்ல நம்மால் ஏன் இயலவில்லை? மறுத்திருந்தால் மறுநாள் வாயிற்கதவுக்கு வெளியே நின்றிருப்போம். அது ஒரு காரணம். மறுப்பதற்குச் சொல்லத் தக்க காரணமும் நம்மிடம் இல்லை; இஃது அதனினும் பெரிய காரணம். கோணல் என்று கண் சொல்லிற்று. ஏன் தீங்கு, எவ்வளவு கோணல் பொறுக்கும், எது பொறுக்காது என்பவற்றை நாம் கற்றிருக்கவில்லை.

1979இல் மாலை வகுப்பொன்றில் சேர்ந்தோம். நாம் படித்த தமிழ்வழிப் பள்ளி ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டிருந்தது. இங்கோ பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் மராட்டியில். முதல் மூன்று மாதங்கள் கரும்பலகையைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டோமேயன்றி, ஒரு வாக்கியமும் விளங்கவில்லை. ஆசிரியர் வயது முதிர்ந்த மராட்டியர். ஒரு நாள் அவர் 3, 4, 5 என்று மூன்று பக்கங்களைக் கொண்ட முக்கோணத்தை வரைந்தபோது நம்மையறியாமல் சிரித்துவிட்டோம். ஏன் என்று கேட்டார். நம் ஊர்க் கொத்தனார் வீட்டுக்கு மூலை பார்க்கக் கயிற்றில் மூன்றடி, நான்கடி, ஐந்தடி அளந்து பிடிப்பார் என்றோம். “அதே கணக்குத்தான், உன் ஊர்க் கொத்தனாரிடமிருந்தே தொடங்கு” என்றார். அன்று முதல் வகுப்பு விளங்கலாயிற்று.

அவரே பிளிக்ஸ்பரோவைப் பற்றியும் சொன்னார். இங்கிலாந்தில் அவ்வூரில் இருந்த இரசாயன ஆலையில் ஆறு கலங்கள் வரிசையாக நின்றன. 1974ஆம் ஆண்டு ஐந்தாவது கலத்தில் விரிசல் காணவே, அதனை அகற்றிவிட்டு நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலக் குழாயொன்றால் இணைத்தனர். இரு கலங்களின் வாய்களும் ஒரே மட்டத்தில் இல்லை. ஆகவே குழாயை ஒடித்து இறக்கிச் சேர்த்தனர். அழுத்தமும் வெப்பமும் அதனை என்ன செய்யும் என்று முறையாகக் கணக்கிட்டவர் இலர். பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்ததே அதற்குரிய ஒரே வரைபடம். அக்குழாய் இரண்டு மாதம் தாங்கிற்று. அவ்வாண்டு ஜூன் முதல் நாள் அது பிளந்து, வெளிப்பட்ட ஆவி தீப்பற்றி வெடித்ததில் 28 பேர் மாண்டனர். “குழாயைச் செய்தவர்களின் கை திறமான கைதான். கேள்வி கேட்கத் தெரிந்தவர் ஒருவர் அங்கில்லை” என்று ஆசிரியர் முடித்தார். வகுப்பில் எல்லோரும் மௌனமாயினர். நாம் மட்டும் நண்பரின் கையை நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிட்டர் தொழிலுக்குரிய அகில இந்தியத் தொழில்தேர்வைத் தனித்தேர்வராக எழுதினோம். எஃகுத் துண்டொன்றை அராவி, மற்றொன்றில் வெட்டிய குழியில் ஒளி புகாதவாறு பொருத்திக் காட்ட வேண்டும், அதில் தேறினோம். எழுத்துத் தேர்வில் தவறினோம். திரும்பவும் ஓராண்டு. ஒன்றரை அறை வீட்டில் குழந்தைகள் உறங்கியபின், நம் இல்லாள் ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டி வாசித்துக் கேள்வி கேட்பாள். நாம் அடுப்படியில் அமர்ந்து விடை சொல்வோம். 1983இல் தேறினோம். சான்றிதழைத் தந்தையாரிடம் கொடுத்தோம். படிக்கத் தெரியாத அவர் அதனைத் தடவிப் பார்த்துவிட்டு, ஈரம் படாத இடத்தில் வைக்கச் சொன்னார்.

ஆனால் நாம் தகுதி பெற்ற நாள் அதுவன்று. அஃது ஈராண்டு கழித்து வந்தது.

1985இல் வளைகுடா நாடொன்றில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை செய்தோம். பெரிய பம்பு ஒன்றின் வாயோடு குழாயைச் சேர்க்க வேண்டும். பிளாஞ்சுகள் இணையாக நிற்கவில்லை. மீண்டும் கீழ்ப்புறத்தில் இடைவெளி. போர்மேன் செயின் பிளாக்கைக் கொண்டுவரச் சொன்னார். நாம் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு, “இழுக்க மாட்டேன்” என்றோம். குரல் நடுங்கியது உண்மை. பொறியாளர் வந்தார். ஆங்கிலேயர். “மறுப்பதற்கு நீ யார்?” என்று கேட்டார். நம் தகுதி அட்டையைக் காட்டினோம். அவர் அதனைப் பார்த்தார். பிறகு எம்மைப் பார்த்தார். பிறகு முழங்காலிட்டுக் குனிந்து இடைவெளியைப் பார்த்தார். அளந்தபோது, குழாயைத் தாங்கும் பீடம் ஒன்று 20 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. எஃகுத் தகடுகளை அடியில் வைத்து உயர்த்த அரை நாள் ஆயிற்று. அதன்பின் போல்ட்டுகள் கையாலேயே தடையின்றி நுழைந்தன.

காகிதம் அன்று செய்தது ஒன்றே: அப்பொறியாளரைக் குனிந்து பார்க்க வைத்தது. குனிந்தபின் நமக்காகப் பேசியது அளவுகோல். நம்மிடம் கற்ற கல்வி இன்றிக் காகிதம் மட்டும் இருந்திருந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்திருக்கவே மாட்டோம். கல்வி இருந்து காகிதம் இல்லாதிருந்தால் அவர் குனிந்திருக்க மாட்டார். இரண்டும் வேண்டும் என்பதே இத்தனையாண்டுகளில் நாம் கண்ட முடிவு.

நிற்க. பேரன் இவை யாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்கு வேலை தெரியும் தாத்தா” என்றான் மறுபடியும். நாம் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தோம். “6 அங்குலக் குழாய். 300 மில்லிமீட்டர் மேலேயும் 400 பக்கவாட்டிலும் விலகிச் செல்ல வேண்டும். இரண்டு 45 பாகை எல்போ. நடுத்துண்டை எந்த நீளத்துக்கு வெட்டுவாய்?” என்று கேட்டோம். “வைத்துப் பார்த்து வெட்டுவேன்” என்றான். “இருபதடி உயரத்தில் வைத்துப் பார்க்க முடியாது. ஐசோமெட்ரிக் வரைபடம்தான் கையில் இருக்கும்” என்றோம். விழித்தான்.

பிறகு இருவரும் சேர்ந்து போட்டோம். முந்நூறும் நானூறும் கொத்தனாரின் மூன்றும் நான்குமே. ஆகவே உண்மை விலகல் 500. அதனை 1.414ஆல் பெருக்க, சாய்ந்து செல்லும் நீளம் 707. எல்போ ஒன்றுக்கு 95 வீதம் இரண்டுக்கும் 190 கழிய வேண்டும். வெல்டிங்குக்கு விடும் இடைவெளி மும்மூன்றாக 6 கழிய வேண்டும். மிச்சம் 511 மில்லிமீட்டர். நான்காண்டுகளாகத் தான் கண்ணால் செய்துவந்ததைத் தாளில் கண்டபோது அவன் முகம் மாறிற்று. இரண்டாம் கணக்கைத் தானே போட்டான். கழிக்க வேண்டியதை மறந்துவிட்டான். மூன்றாவது சரியாக வந்தது.

அவன் செல்லத் தக்க நேர்வழிகளையும் கூறினோம்; பிற பெற்றோருக்கும் அவை பயன்படலாம். பத்தாம் வகுப்புத் தேறியவர் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவில் சேரலாம், ஈராண்டுப் படிப்பு. வெல்டர், பிளம்பர் பிரிவுகள் ஓராண்டு. எட்டாம் வகுப்புத் தேறியவரும் சேரலாம். அதன்பின் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலையில் உதவித்தொகையோடு தொழில் பழகலாம். பள்ளியை விட்டவர், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பை எழுதலாம். ஏற்கெனவே தொழிலில் இருப்போரின் திறனைச் சோதித்துச் சான்று வழங்கும் முறையும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும் என்பதும், ஆள் சேர்ப்பவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறை. பணம் கொடுக்குமுன் பதிவு எண்ணைக் கேட்பதில் நாணம் வேண்டுவதில்லை. பொய்ச் சான்றிதழை விற்பவரிடம் அவ்வெண்ணைக் கேட்டால், அவர் முகமே விடை சொல்லும்.

பேரனின் தாய், “கொடுத்த பணம், மாமா?” என்றாள். திரும்பி வரும் என்று பொய் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தோடுகளை மீட்பதற்கு நம்மாலான பங்கைத் தருவதாகச் சொன்னோம். அவள் மறுமொழி கூறவில்லை. மூன்றாண்டு காத்திரு என்று ஒரு தாயிடம் சொல்வது, வாடகையும் வட்டியும் ஓடும் வீட்டில் எளிய சொல்லன்று. அதனை நாம் அறிவோம்.

அடுத்த ஞாயிறு பேரன் தானாகவே வந்தான். திறந்தநிலைப் பள்ளியின் விண்ணப்பத்தை நிரப்பியபின், அவனை அழைத்துக்கொண்டு தாராவிக்குச் சென்றோம். நண்பர் இன்றும் அதே சந்தில் இருக்கிறார். மளிகைக் கடை வைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றியவர். இடக்கையால் தேநீரை எடுத்து நீட்டினார். நாற்பதாண்டுகளுக்கு மேல் தொண்டையில் நின்றதை அன்று சொன்னோம்: “அந்த இடைவெளி தவறென்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் முறுக்கினேன்.”

அவர் சற்று நேரம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கும்தான் தெரியும். கடப்பாரையை நான்தானே பிடித்தேன்? சொல்ல நமக்கு வாய் இல்லை” என்றார். பிறகு பேரன் பக்கம் திரும்பி, “தம்பி, நீ எந்த வகுப்பு எழுதப் போகிறாய்?” என்று கேட்டார்.

அந்த வாயைப் பெறுவதற்காகவே பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்கிறோம். கூலி உயர்வு அதன் பின்னே வரும்.